அரைப் பீப்பாயில் பூத்த கோப்பி

எழுத்து கோணலாக இருக்கும், சொன்னதையே திரும்பச் சொல்வேன், இடையில் மறந்தும் போவேன். முதலிலேயே பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். மிஷன் பெண்கள் பள்ளியில் மூன்றாம் புத்தகம் வரைக்கும்தான் என்னைப் படிக்கவிட்டார்கள். படித்ததிலும் பாதி அடுப்படிப் புகையோடு போய்விட்டது. நாலு பேர் நடுவில் பேசவும் எனக்கு வராது. இப்போது என் மருமகள் மாடியில் பூச்சட்டி வைக்க ஆசைப்பட்டு, வெயில் வராத அந்த இடத்தில் நீங்கள் எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்கிறாள். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கண்டிக் கடைத்தெருவில் இருந்தது. கீழே என் வீட்டுக்காரரின் அரிசி, கருவாட்டுக் கடை. தோட்டங்களுக்கு வண்டி வண்டியாகப் போகும். மேலே நாங்கள் இருந்தோம். பின்பக்கம் சமையல்கட்டுக்கு மேலே சாந்து பூசிய ஒரு சின்னத் தளம். நாலு பாய் விரித்தால் முடிந்தது. கிழக்கே மலை, மேற்கே கோப்பி மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியின் உயரமான சுவர். மலையைத் தாண்டி வெயில் வரும்போது நாங்கள் காலைப் பலகாரம் முடித்திருப்போம். சோறு வடித்துக் கடைக்கு அனுப்பிவிட்டு நான் சாப்பிட உட்காருவதற்குள் கிட்டங்கியின் நிழல் வந்து தளத்தை மூடிவிடும். அந்த இடைவெளிதான் எனக்குக் கிடைத்த வெயில்.

கல்யாணமாகி வந்த புதிதில் யாரிடமும் பேச்சு வராமல், எப்போது பார்த்தாலும் அந்தத் தளத்திலேயே நிற்பேன். கீழே கிட்டங்கி முற்றத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கோப்பிக் கொட்டை பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே உடைந்துபோகும் பீப்பாய்களை விறகுக்குக் கொடுப்பார்கள். அவற்றில் சிலதை விறகாக்கவிடாமல், நடுவில் அறுத்துத் தரச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கினேன். அடியில் காய்ச்சிய கம்பியால் துளை போட்டேன். வாய் உடைந்த பானை, ஓட்டை வாளி எல்லாம் சேர்ந்தது. மண்ணோடு கோப்பி உமியைக் கலந்தேன். உமியை அப்படியே போட்டால் சூடு ஏறி வேர் வெந்துபோகும். ஒரு மழைக்காலம் முழுக்க மூலையில் குவித்துக் கறுக்கவிட்டுத்தான் போடவேண்டும். இதை இரண்டு காசித்தும்பையைக் கொன்ற பிறகு தெரிந்துகொண்டேன்.

நந்தியாவட்டை நிழலைப் பொருட்படுத்தாது. காசித்தும்பையும் அரை வெயிலில் பூத்துவிடும். கனகாம்பரம் வெளிறிப்போய்ப் பூத்தது. மல்லிகைதான் என்னை ஏமாற்றியது. பீப்பாய்க்கு அடியில் உருளைக் கட்டைகளைக் கொடுத்து, வெயில் நகர நகர அதையும் தள்ளிக்கொண்டு போவேன். இலை இலையாக வளர்ந்து கைப்பிடிச் சுவரில் ஏறியதே தவிர ஒரு மொட்டு வைக்கவில்லை. கிட்டங்கிச் சுவருக்கு வெள்ளை அடித்த மாதம் மட்டும் நாலு பூ பூத்தது. வெள்ளைச் சுவர் வெயிலை எடுத்து இந்தப் பக்கம் கொடுக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். மருமகளே, முதலில் சுவருக்கு வெள்ளையடி. மற்றதெல்லாம் பிறகு.

அந்தத் தளத்தில் கேட்காமலே செழித்தது கோப்பிதான். அது என் மாமியாருடையது. அவர் தெல்தோட்டைப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர். கடை வைத்துப் பிழைக்கக் கண்டிக்கு இறங்கி வந்தபோது, மரத்தடியில் விழுந்து முளைத்த ஒரு கன்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அது சட்டியில் குறுகிக் கிடந்ததைப் பார்த்து அரைப் பீப்பாயில் மாற்றிவைத்தேன். நிழல்தான் அதற்குப் பிடிக்கும்போல. என் உயரத்துக்கு வந்தது. மாசி கடைசியில் ஒரு மழை பெய்து ஒரு வாரம் போனால் கிளை முழுக்க ஒரே நாளில் வெள்ளையாகிவிடும். மல்லிகை வாசம் என்றுதான் சொல்லவேண்டும், அதைவிடக் கொஞ்சம் இனிப்பாக இருக்கும். இரண்டு நாள்தான், பிறகு பழுப்பாகி உதிர்ந்துவிடும்.

ஆனால் அந்தப் பூவைத் தொடக்கூடாது. முதல் வருடம் நான் ஒரு கொத்தைக் கிள்ளப் போனேன். மாமியார் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். ஒரு பூ என்றால் ஒரு பழம், தோட்டத்தில் கோப்பிப் பூவைப் பறிக்கிறவள் வெள்ளைக்காரத் துரையின் பழத்தைத் திருடுகிறவள் என்றார். பூக்கிற நாளில் லயத்துப் பெண்கள் எந்த வெள்ளைப் பூவும் தலையில் வைக்கக்கூடாதாம். கூலிகளை மேய்க்கும் கங்காணி, அவர்கள் வேலைக்குப் போகிற வழியில் நின்று ஒவ்வொரு கொண்டையாகப் பார்ப்பாராம். மலை முழுக்கப் பூவாக இருக்கும், பெண்கள் மொட்டைக் கொண்டையோடு நடுவில் நடப்போம் என்று சொல்லுவார். சின்னப் பெண்ணாக இருந்தபோது தானாகத் தலையில் உதிர்ந்து ஒட்டிக்கொண்ட பூவுக்காக வெயிலில் நிறுத்திவைக்கப்பட்டாராம். அந்தப் பயம் மாடிவீட்டுக்கு வந்த பிறகும் அவரை விடவில்லை. எங்கள் பீப்பாய்ச் செடிக்குத் துரையுமில்லை, கங்காணியுமில்லை. ஆனாலும் யாரும் தொடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரு தங்கை. நான் மனம்விட்டுப் பேசிய ஒரே ஆள் அவள். அவளுக்கு இரண்டு இடம் பேசி, இரண்டும் கடைசியில் நின்றுபோனது. மூன்றாவதாகக் கம்பளையில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டிலிருந்து கேட்டார்கள். இதுவும் நின்றால் தெல்தோட்டையில் பெண்டாட்டியை இழந்த வயதான கங்காணி ஒருவருக்குக் கொடுப்பதென்று பேச்சு முடிந்திருந்தது. இவள் வயதில் அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். அவள் தளத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்று, "அண்ணி, அங்க போறதுக்கு நான் இந்தப் பீப்பாய்க்குள்ளயே குந்திக்கிறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கையால் பீப்பாய் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கம்பளைக்காரர்கள் பூ வைக்க வருவதாக நாள் குறித்தார்கள். மாப்பிள்ளையின் தாய், தான் கொண்டுவந்த பூவைப் பெண்ணின் தலையில் வைத்துவிட்டால் பேச்சு உறுதி. கண்டிக்கு ரயில் வந்திருந்தது, கம்பளைக்கு இன்னும் போகவில்லை. மாட்டு வண்டியில்தான் வந்தார்கள். வழியில் மழை பிடித்து, வந்து சேரும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. பழம், வெற்றிலை, சேலை எல்லாம் இறங்கியது. பூவைக் காணவில்லை. வண்டியின் பின்தட்டியில் கிழிந்த வாழை இலைத் துண்டு மட்டும் தொங்கியது. வழியில் கெலிஓயாவில் வண்டியை அவிழ்த்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறார்கள். அப்போது ஒரு மாடு மல்லிகைச் சரத்தை இலையோடு சேர்த்துத் தின்றுவிட்டது.

வண்டிக்காரர் மாட்டைத் திட்டினார். மாடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. கடை ஆட்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார்கள். மேலே யாரும் சிரிக்கவில்லை. புத்தர் கோயிலான தலதா மாளிகைப் பக்கம் பூ வாங்க ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். மழைக்குப் பூக்காரர்கள் போய்விட்டார்கள், மிச்சம் கிடந்தது தாமரை. அதைச் சாமிக்கு வைக்கலாம், தலையில் வைக்கமுடியாது. மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சகுனம் ஒரு மாதிரி இருக்கு. இன்னொரு நாள் பார்த்துக்கிட்டு வர்றோம்" என்றார். இன்னொரு நாள் என்றால் என்ன என்று இரண்டு தரம் பட்ட எங்களுக்குத் தெரியும். உள் அறையில் நாத்தனார் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. பிடி மட்டும் விடவில்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. கதவோரம் நின்ற மாமியாரிடம் போனேன். மாமனார் அப்போது உயிரோடு இல்லை. ஆகையால் மாமியார் சடங்கில் முன்னால் வராமல் அங்கேதான் நின்றார்.

"அத்தை, தளத்துல பூ இருக்கு."

"உன் மல்லிகை பூக்கலையே."

"அது இல்ல, அத்தை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கூடத்தில் எழுந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியப்பாவைப் பார்த்தார். தளத்துக்கு நடந்தார். நான் பின்னாலே போனேன். கூரை விளிம்புக்குக் கீழே தள்ளி வைத்திருந்ததால் மழை செடியை அவ்வளவாக அடிக்கவில்லை. அன்றைக்குத்தான் விரிந்த பூ. மாமியார் ஒரு கிளையை இழுத்துப் பிடித்தார். ஒருதரம் திரும்பிப் பின்னால் பார்த்தார், யாரோ நிற்கிற மாதிரி.

"யாரும் இல்ல அத்தை. நான்தான்."

"தெரியுது" என்றார். "பாழாப்போன கழுத்து, அதுவாத் திரும்புது."

அப்புறம் பறித்தார். முதல் கொத்துக்குத்தான் நேரமானது. பிறகு இரண்டு கையாலும் பறித்து என் மடியில் போட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் போதும் என்று தோன்றியது. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. கிளைகளில் இலை மட்டும் மிஞ்சும்வரைக்கும் பறித்தார். வாழைநாரை நனைத்து நான் தொடுத்தேன். கோப்பிப் பூவுக்குக் காம்பு குட்டை, இறுக்கிக் கட்டினால் கழன்றுவிடும். இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தளர்வாகக் கட்டினேன்.

கூடத்துக்குத் திரும்பியதும் வேறு சிக்கல். பெண் வீட்டுப் பூவைப் பெண்ணுக்கே எப்படி வைப்பது என்று பெரியப்பா கேட்டார். கதவோரத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "உங்க பூ மாட்டு வயித்துல இருக்குங்க. அது வெளிய வர்றதுக்குள்ள ராத்திரியாயிரும்."

மாப்பிள்ளையின் தாய் அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்துவந்து தன் தட்டிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்து என் கையில் வைத்தார். சரத்தை வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டார். "வெத்தலைக்குப் பூ வாங்கியாச்சு. இனி இது எங்க பூ" என்றார். பெரியப்பா மறுபடி உட்கார்ந்தார்.

நாத்தனாரைக் கூட்டிவந்து உட்காரவைத்தோம். அந்த அம்மா சரத்தைக் கையில் எடுத்தபோது வாசம் மூக்கில் பட்டிருக்கவேண்டும். அப்படியே நின்றுவிட்டார்.

"இது கோப்பிப் பூ" என்றார். "நானும் கோப்பி மலையில பொறந்தவதான்."

அவர் சரத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி, நாத்தனாரின் கொண்டையில் நிதானமாகச் சுற்றிவைத்தார். பேச்சு உறுதியாகிவிட்டது. பிறகு குனிந்து மெதுவாக என்னிடம் கேட்டார்.

"மிச்சம் ஒரு துண்டு இருக்குமா தாயி? எனக்கு."

மடியில் ஒரு முழம்போல மிச்சமிருந்தது. பாதியை அவர் தலையில் வைத்துக்கொண்டார். மற்றப் பாதியை எடுத்துக்கொண்டு கதவோரம் போனார். என் மாமியார் தலையில் வைக்கமுடியாது என்று அவருக்கும் தெரியும். மாமியாரின் உள்ளங்கையில் அதை வைத்து விரல்களை மூடிவிட்டார். இருவரும் எந்தெந்த மலை, எந்தக் கங்காணி என்று பேசத் தொடங்கினார்கள். பெரியப்பா இரண்டு தரம் கூப்பிட்டும் அந்த அம்மா வண்டியில் ஏறவில்லை. அன்றிரவு அவர்கள் எங்கள் வீட்டிலேயே தங்கிக் காலையில்தான் போனார்கள்.

அந்த வருடம் பீப்பாய்ச் செடியில் ஒரு பழம்கூட இல்லை. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "போகட்டும்" என்று மட்டும் சொன்னார். நாத்தனார் கம்பளைக்குப் போய்ப் பிள்ளைகள் பெற்று நன்றாக இருக்கிறாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். பிறகு மலைகளில் இலைநோய் வந்து கோப்பி அழிந்ததும் எல்லாருக்கும் தெரியும். அவள் கல்யாணம் அதற்கு முந்திய வருடமா, இரண்டு வருடம் முந்தியா என்பது எனக்குக் குழம்புகிறது. பூ வைத்தது மாசியா பங்குனியா என்பதும் சந்தேகம். அந்த அம்மா வெற்றிலை கொடுத்தது என் கையிலா, மாமியார் கையிலா என்றுகூட எழுதும்போது ஒரு தடுமாற்றம் வந்தது. கம்பளைப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அவளிடம் ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள். அவள் பிழை என்று சொல்கிற இடத்தைத் திருத்திவிடுங்கள். தலையில் பூவோடு உட்கார்ந்திருந்தவள் அவள், அவளுக்குத்தான் சரியாக ஞாபகமிருக்கும்.