லில்லி அம்மாளின் பிடி அரிசி

லில்லி அம்மாள் இயேசுவைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் பேசியதில்லை. சங்கருக்குச் சந்தேகம் தோன்றியதே அதனால்தான்.

"பேசுதவன நம்பிரலாம் சார்வாள். நோட்டீசு குடுக்கான், பாட்டுப் பாடுதான், போயிருதான். வாயே தெறக்காதவகிட்டதான் சூதானமா இருக்கணும்" என்றார்.

1994ஆம் ஆண்டு, பங்குனி மாதம். நாங்குநேரிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரின் தொடக்கப்பள்ளிக்கு நான் தலைமையாசிரியர். வண்ணார்பேட்டையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் போய் வந்தேன். சங்கர் அவ்வூரின் பலசரக்குக் கடைக்காரர். அவர் மகள் மதுமதி மூன்றாம் வகுப்பில் படித்தாள். லில்லி அம்மாள் எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்பவர். மணிமுத்தாற்றுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த கணவர் காய்ச்சலில் இறந்தபின், தாய்வீட்டுக்குத் திரும்பியவர். மழை நாளில் பிள்ளைகளின் நோட்டுகளை அடுப்பருகே காய வைப்பார். எந்தத் தலையில் பேன் கண்டாலும் அந்தத் தலையை விடமாட்டார். இவற்றை நான் அறிவேன். ஆயினும் சங்கர் அடுத்துச் சொன்னது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"தெனமும் மஞ்சப் பையில என்னமோ கொண்டாருதா. போகையில பை காலியாக் கெடக்கு. சமையக்காரி வீட்டுக்குக் கொண்டு போவா, கேள்விப்பட்டிருக்கேன். இங்கன கொண்டாருதாளே, அது என்ன வே நியாயம்?"

திருட்டைத் தடுக்க என்னிடம் பூட்டும் சாவியும் இருந்தன. கொண்டுவந்து போடுவதைத் தடுக்க ஒன்றும் இல்லை. மறுநாள் முதல் பேருந்தில் போய், மூன்றாம் வகுப்பின் சன்னலுக்குப் பின்னால் நின்றேன். லில்லி அம்மாள் பள்ளி அரிசியைக் களைந்தார். வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு மஞ்சள் பையிலிருந்து பிடி பிடியாக எதையோ எடுத்து அதனோடு சேர்த்தார். அரிசிதான்.

அவரை நேரே கேட்பதற்கு முன் ஆதாரம் தேடுவது முறை என்று நினைத்தேன். அவர் போகும் கிறிஸ்தவக் கோயிலில் பெண்கள் சங்கத்தைக் கவனித்துவந்த பேரின்பம் அம்மாளை விசாரித்தேன். அவரிடம் வேறொரு சந்தேகம் தயாராக இருந்தது.

"எங்க வீடுகள்ல உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசிய ஆண்டவருக்குன்னு பானையில போட்டு வைப்போம் சார். ஞாயித்துக்கெழம கோயில்ல கொண்டுவந்து கொட்டணும். லில்லி ரெண்டு மாசமாக் கொண்டாரல. கேட்டா சிரிக்கா. பெந்தெகொஸ்தே சபைக்குப் போறாளோன்னு எங்களுக்கெல்லாம் ஒரு இது."

கோயிலுக்குப் போகாத காணிக்கை அரிசி என் பள்ளி உலைக்கு வந்துகொண்டிருந்தது. என் பிள்ளைகளில் பெரும்பாலோர் நெற்றியில் திருநீற்றோடு வருபவர்கள், நானும் அப்படியே. காணிக்கையைத் தின்றவர்கள் நாளை கோயிலுக்கும் அழைக்கப்படுவார்கள் என்று என் மனம் கணக்குப் போட்டது. அதற்கு ஆதாரம் இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் கேட்டேன்: "பையில என்ன லில்லி?"

"அரிசி சார். புழுங்கலரிசி."

"எதுக்கு?"

அவர் அடுப்பில் விறகைத் தள்ளினார். "அத மட்டும் கேக்காதீய சார். தெரிஞ்சா நீங்க சும்மா இருக்க முடியாது."

இதைவிட மோசமான பதிலை அவர் சொல்லியிருக்க முடியாது.

நான் பேரின்பம் அம்மாளிடம் கேட்ட கேள்வி அதற்குள் ஊர் முழுவதும் சுற்றி, 'ஜெபம் பண்ணின அரிசி' ஆகியிருந்தது. அன்று நண்பகலில் சங்கர் ஐந்தாறு தகப்பன்மாரோடு வந்தார். பிள்ளைகள் தட்டுகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ஞானசம்பந்தன் சார்வாள், இவள நிறுத்தும். இல்லன்னா ஒரு பிள்ளையும் இங்கன திங்காது" என்றார் சங்கர்.

லில்லி அம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். கவிழ்ந்த தட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சமையற்கூடத்தின் பின்புறத்தைக் கைகாட்டினார். அங்கே நான்கு சிறு குழந்தைகள் புழுதியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பள்ளியில் படிக்கும் அக்காள்மாரின் இடுப்பில் வந்து இறங்குபவை. விளையாட வருகின்றன என்று நினைத்திருந்தேன்.

"செங்கச்சூளைக்கு வந்த சனங்களோட பிள்ளையள். எந்த ரிஜிஸ்தர்லயும் பேரு கெடையாது. இதுகளுக்குன்னு அரிசி வராது. மத்த பிள்ளைய பங்குல கைய வச்சா அது திருட்டு. அதான், ஆண்டவருக்குன்னு எடுத்து வச்சத இங்கன போட்டேன். அவரு ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாருன்னு நெனச்சேன்."

"ஜெபம் பண்ணித்தான போட்ட?" என்றார் சங்கர்.

"அறுபது பிள்ளைக்கு வடிக்கணும். ஜெபம் பண்ண எங்க அண்ணாச்சி நேரம்?"

யாரோ சிரித்தார்கள். சங்கர் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டு அரிசி ஒங்களுக்கு ஆகலன்னா நான் கொண்டாரல. ஒங்க கடையில இருந்து நாலு பிடி குடுங்க. யாரு அரிசின்னு இதுக கேக்காது" என்றார் லில்லி அம்மாள்.

சங்கர் என் பக்கம் திரும்பினார். "பேரு இல்லாத பிள்ளைக இங்கன திங்கலாமா சார்வாள்? சட்டம் என்ன சொல்லுது?"

சட்டம் கூடாது என்றது. நான் அதை உரக்கச் சொன்னால் நான்கு குழந்தைகளையும் அப்போதே எழுப்ப வேண்டும். லில்லி அம்மாள் இத்தனை நாளும் பழியைச் சுமந்து வாய் திறவாதிருந்தது தெரிந்தால் என் பதவி அவற்றை விரட்டச் சொல்லும் என்று அஞ்சித்தான் என அப்போதுதான் விளங்கியது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிஜிஸ்தர்ல இருக்க பிள்ளையளத்தான் நான் எண்ணுவேன். மத்தது எதுவும் என் கண்ணுல படல" என்றேன். இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் நான் அறிந்து சொன்ன முதல் பொய் அது.

சங்கர் திரும்பி நடந்தார். மதுமதி முதலில் தட்டை நிமிர்த்தினாள்.

மறுநாள் காலையில் சங்கர் ஒரு படி அரிசியோடு வந்தார். லில்லி அம்மாள் கையில் கொடுக்காமல் தாமே உலையில் போட்டார். சோறு வடித்து இறக்கும்வரை ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து காவல் இருந்தார். சூளை வேலை முடியும்வரை இப்படியே வந்தார்.

"இன்னும் சந்தேகம் தீரலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு மனுசி ஒண்ணையும் எதிர்பாக்காம இப்படிச் செய்வாளா சார்வாள்? இதுல என்னமோ இருக்கு. பாத்துக்கிட்டேதான் இருக்கணும்" என்றவர், கடைசிக் குழந்தையின் தட்டைக் கவனித்துக் குரலை உயர்த்தினார்: "ஏ லில்லி, என்னத்தப் பராக்குப் பாத்துக்கிட்டு நிக்க? இந்தப் பயலுக்கு இன்னொரு கரண்டி போடு!"