எட்டுப் பூட்டுகள்

என் மகளுக்கு நான்கு வயது. அவளை ஓரிடத்தில் உட்கார வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். வேங்கிக்காலில் எல்கேஜி சேர்த்த சில மாதங்களிலேயே மிஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சேந்தாப்ல பத்து நிமிஷம் உக்கார மாட்டேங்கறா. பொங்கல் வரைக்கும் பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா வேற ஸ்கூல் பாத்துக்குங்க."

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. மரத்தில் செய்த வடிவங்கள், கோர்க்கிற மணிகள், விரலால் தடவிப் பார்க்க உப்புத்தாள் எழுத்துகள் என்று வாங்கிக் குவித்தேன். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் தொட்டுவிட்டு அவள் எழுந்து போனாள். நான் விடுவேனா? "இங்க பாரு, வட்டத்தை எடு. அது இல்லடி, இது" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து தொணதொணத்தேன்.

ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கார்த்திகை தீபக் கூட்டத்துக்கு முன்பு முதலாளி எட்டு அறைகளுக்கும் புதுப் பூட்டு மாட்டினார். பழைய பூட்டுகளையும் சாவிகளையும் ஒரு கூடையில் அள்ளிப் போட்டு, பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கலாம் என்று வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. மகள் கூடையைக் கவிழ்த்தாள். கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவள் ஒரு சாவியை எடுத்து ஒரு பூட்டில் விட்டுப் பார்த்தாள். திரும்பவில்லை. அடுத்த பூட்டு. அதுவும் இல்லை. மூன்றாவது 'டக்'கென்று திறந்ததும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அடுப்பில் என் சோறு குழைந்தே போனது. அவள் எழவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் அவளைப் பாதி நேரம் கலைத்தது என் வாய்தான். வெட்கமாக இருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் கூடையோடு பள்ளிக்குப் போனேன். துருப்பிடித்த பூட்டுகளைப் பார்த்து மிஸ் முகம் சுளித்தார். மகள் தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். இரண்டாவது பூட்டில் சாவி மாட்டிக்கொண்டது.

"அது இல்லம்மா, அந்த..." என்று மிஸ் குனிந்தார். நான் சட்டென்று அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"பேசாதீங்க மிஸ்."

இருவரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எட்டாவது பூட்டும் திறந்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

"மிஸ், இன்னும் இருக்குதா?"

மிஸ் தன் அலமாரிப் பூட்டைக் கழற்றிச் சாவிக்கொத்தோடு அவள் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு, பேசாமல் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.