நெற்றிக்கு மேலே வெள்ளைக் கீற்று

முதல் மொட்டை தாய்மாமன் மடியில்தான். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் உள்ள குலதெய்வக் கோயிலில், தங்கை மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தையின் நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி மட்டும் பிறந்ததிலிருந்தே வெள்ளை. தங்கைக்கும் அப்படித்தான். கல்யாணமானது முதல் மாமியார் சொல்லுக்காக அதற்கு டை அடித்து வந்தாள். பேத்திக்கு மழித்துவிட்டால் கறுப்பாக முளைக்கும் என்று மாமியார் நம்பினார்.

கைக்கெட்டும் தூரத்தில் பம்பை அடித்தார்கள். குழந்தை என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. தலையில் தண்ணீர் பட்ட பிறகுதான் வீறிட்டது.

"பம்பைக்கே பயப்படல பாருங்க தம்பி, சிங்கக்குட்டி," என்றார் மாமியார். எல்லோரும் மெச்சினார்கள். தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் கேட்டாள்: "அண்ணா, நீதான மடியில வெச்சினு இருந்த. பம்பை அடிச்சப்ப அவ உடம்பு தூக்கிப் போட்டுச்சா?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்ல."

சில பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தாமதம்தான் என்று மாமியார் தடுத்தார். தங்கை கேட்கவில்லை, காதைச் சோதிக்க விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இரண்டு காதும் கேட்கவில்லை என்று சோதனையில் தெரிந்தது. பிறகு ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். பாக்ஸ்3 என்ற மரபணுவில் பிழை என்று முடிவு வந்தது. டாக்டர் விளக்கியதை நான் என் பத்திரிகைத் தொழில் வழியாகவே புரிந்துகொண்டேன். செய்தி எழுதாமல், எந்தச் செய்தி எப்போது அச்சுக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொல்பவர் பத்திரிகையில் ஒருவர் இருப்பார். இந்த மரபணு உண்டாக்கும் புரதமும் அப்படித்தான், மற்ற மரபணுக்களை வேலைக்கு ஏவுகிறது. அது பிசகினால் நிறம் தரும் செல்கள் கருவிலேயே குறைந்துபோகின்றன. முடியில் அது வெள்ளையாகத் தெரியும்; கேட்பதற்கும் அந்தச் செல்கள் தேவைப்படும் உள்காதில் கேளாமையாகும். தங்கைக்கு முடியோடு நின்றது, மகளுக்கு நிற்கவில்லை.

தன்னிடமிருந்து வந்தது என்று கேட்டும் தங்கை அழவில்லை. "கேக்க வைக்க முடியுமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

புதுச்சேரியில் காதுக்குள் கருவி வைத்தார்கள். அதன் பிறகுதான் உண்மையான வேலை. குக்கர் விசில், மிக்ஸி, ரயில்வே கேட் மணி என்று ஒவ்வொரு சத்தத்தையும் மகளுக்குக் காட்டிக் காட்டிச் சொன்னாள். டை அடிப்பதையும் அப்போது விட்டாள். மாமியார் ஏனென்று கேட்டதற்கு, "பாப்பா கண்ணாடியில பாக்கும்போது பக்கத்துல தன்னை மாதிரி இன்னொருத்தி தெரியட்டும் அத்தை," என்றாள். பல வருடங்களாகத் தலைப்பு எழுதிப் பிழைப்பவன் நான். அதைவிடச் சரியான ஒரு வரி எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்றாம் வயதில் இரண்டாவது மொட்டைக்கு நாள் பார்த்தார்கள். சாமி கும்பிட வருகிறோம், முடி எடுக்க மாட்டோம் என்று தங்கை சொல்லிவிட்டாள். அதே கோயில், அதே மடி. வெள்ளையாகவே வளர்ந்திருந்த கொத்தை மாமியாரே வாரி ரிப்பன் கட்டியிருந்தார். பம்பையின் முதல் அடி விழுந்தது. குழந்தையின் உடம்பு தூக்கிப்போட்டது. என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதது.

நான் எழுந்து வெளியே தூக்கிப் போகப் பார்த்தேன். மாமியார் என் தோளில் கை வைத்து உட்காரச் சொன்னார்.

"கொஞ்ச நேரம் அழட்டும் தம்பி," என்றார்.