ஈரல் சுருங்க வேண்டிய சாயங்காலங்கள்

கம்பெனி பஸ் சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பில் என்னை இறக்கிவிடும்போது சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு இருக்கும். இறங்கியதும் பஜ்ஜிக் கடை. வாழைக்காய் எண்ணெயில் விழும் சத்தம், பஸ் இஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்கும். மற்ற நாட்களில் நின்று இரண்டு தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அந்த இரண்டு வாரமும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாய் துரத்துகிற மாதிரி நடந்தேன். என் உடம்பு நடக்கிற நடைக்கு எந்த நாயும் அவசரப்பட வேண்டியதில்லை.

எடை குறைப்பு ஆபரேஷனுக்கு முந்தைய பத்தியம் அது. காலையில் பவுடர் கரைத்த பால், மத்தியானம் காய்கறி சூப், சாயங்காலம் மறுபடி அதே பவுடர், நடுவில் மோர். பல்லுக்கு வேலையே இல்லை. வயிற்றைச் சின்னதாக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு முன்னால் ஈரல் சுருங்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கொழுப்பு ஏறி வீங்கிய ஈரல், வயிற்றை மறைத்துக்கொண்டு கிடக்கிறதாம். பத்தியம் இருக்கவில்லையென்றால் உள்ளே கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடிவிடுவேன், ஈரலில் கருவி பட்டால் ரத்தம் நிற்பது கஷ்டம் என்று டாக்டர் அமைதியாகத்தான் சொன்னார். கத்திச் சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து சோற்றைப் பார்த்தாலே அது நேராக ஈரலில் போய் உட்காரும் என்று தோன்றியது.

ஆபரேஷனே வேண்டாம் என்று விட்டுவிடவும் வழியில்லை. சர்க்கரை, மாத்திரைக்கு அடங்கவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. என் கணவர் பதறிப்போய் உலுக்கி எழுப்புவார். செய்தாலும் பயம், செய்யாவிட்டாலும் பயம்.

பகலைச் சமாளித்துவிடலாம். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற யூனிட்டில் நான் லைன் லீடர். மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கிற வரை பசி வாயைத் திறக்காது. டீ பிரேக்கில்தான் தொந்தரவு. ஹாஸ்டலில் தங்கியிருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள், ஊரிலிருந்து வந்த முறுக்கையும் அதிரசத்தையும் நீட்டுவார்கள். ஆபரேஷன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயைக் கட்ட முடியாதவள் வயிற்றை வெட்டிக்கொள்ளப் போகிறாள் என்று அடுத்த ஷிஃப்டுக்குள் பரவிவிடும். அதனால் ஒருசந்தி என்று சொல்லிவிட்டேன். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் நோன்புக்கு அதுதான் பேர்; ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, சாமிக்காக வயிற்றைக் கட்டுவது. தவக்காலம் இல்லாத நேரத்தில் என்ன ஒருசந்தி என்று யாரும் கேட்கவில்லை. "எங்களுக்கும் சேத்து வேண்டிக்கிடுங்கக்கா" என்று ஒருத்தி டப்பாவை மூடிவிட்டாள். சாமி பேரில் பொய் சொல்லிவிட்டோமே என்று அதற்கும் ஒரு பயம் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்தால் நானும் அம்மாவும் மட்டும். கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார், சாயங்காலம்தான் அவருக்கு ஓட்டம். அப்பா இறந்ததிலிருந்து அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். நான் வருவதற்குள் சமையலை முடித்து, தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து, ஜன்னலைத் திறந்து வாடையைக்கூட வெளியே அனுப்பியிருப்பாள். நான் அப்பவே சாப்பிட்டாச்சு, நீ உன் பவுடர் மாவைக் குடி என்பாள்.

மாவைக் குடித்த அரை மணியில் ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜைத் திறப்பேன், மூடுவேன். மூடி வைத்த இட்லி மாவைப் பார்த்துக்கூட எச்சில் ஊறும். அது பசியா பயமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மயக்க மருந்து கொடுத்தபின் எழுந்திருக்காமலே போய்விட்டால் என்று நினைப்பேன். நினைத்ததும் பசி இன்னும் ஏறும். இத்தனை வருஷமும் பயம் வந்தபோதெல்லாம் எதையாவது வாயில் போட்டுத்தான் அதை அடக்கியிருக்கிறேன் என்பது வாயைக் கட்டிய பிறகுதான் புரிந்தது.

கடைசிச் சாயங்காலம் செவ்வாய்க்கிழமை. மறுநாள் விடியற்காலையில் அட்மிட் ஆக வேண்டும். அன்று சாயங்காலத்திலிருந்து வெறும் தண்ணீர்தான். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அம்மா அந்தோணியார் நவநாள் பூசைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவள், முந்தானைக்குள் மூடி எடுத்து வந்ததைத் தட்டில் வைத்தாள். மந்திரித்த ரொட்டி. வேண்டுதல் வைத்தவர்கள் ரொட்டி வாங்கிக் கொடுப்பார்கள், சாமியார் மந்திரித்ததும் கோயிலில் எல்லாருக்கும் பங்கு வைப்பார்கள். ஒன்றை மட்டும், யாருக்காக வேண்டினார்களோ அவருக்கு என்று எடுத்து வருவார்கள். அதை அவர்தான் தின்ன வேண்டும்.

ஒரு வாய் தின்னச் சொன்னாள். கூடாது என்றேன். ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்படியே சொன்னேன். எடுத்து வை, வந்து தின்கிறேன் என்றேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"உங்கப்பாவும் வந்து துன்றேன்னுதான் சொன்னாரு."

அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்கு நடந்து போனவர். தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். அது எனக்குத் தெரியும், ரொட்டி விஷயம் தெரியாது. அவருக்கும் இப்படித்தான் கொண்டுவந்து கொடுத்தாளாம். அவரும் டாக்டர் பேச்சைக் கேட்டு, மாதா படத்துப் பக்கத்தில் வைக்கச் சொன்னாராம். அடக்கம் முடிந்து வந்து பார்த்தபோது அது அங்கேயே காய்ந்து கிடந்ததாம். இத்தனை வருஷத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நான் ஒன்றும் அவ்வளவு பக்திக்காரி இல்லை. பூசைக்குப் போனாலும் பிரசங்கத்தில் தூங்குகிறவள். ஆனால் அந்த நேரத்தில் நம்பினேன். தின்றால் மூச்சில் அடைத்துச் சாவேன், தின்னாவிட்டால் அப்பா மாதிரிச் சாவேன். நடுவில் பசி வேறு. ரொட்டி மெத்தென்று இருந்தது, வாசனை ஆளைத் தூக்கியது. உள்ளங்கை அளவுகூட இல்லை, விடிவதற்குள் கரைந்துவிடும், சாமி கொடுத்தது கெடுதல் செய்யுமா என்று உள்ளே வக்காலத்து நடந்தது. பக்தி பேசுகிற மாதிரி பசிதான் பேசியது. கையில் எடுத்தேன். பிய்த்தேன். உதடு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

அம்மா அதைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். தலை சுற்றுகிறது என்று சொன்னது குழறலாக வந்தது. நெற்றியெல்லாம் வியர்வை, கை ஜில்லென்று இருந்தது. அவளுக்கும் சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறவள். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடிப்போய்ச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். ஒழுங்காக விழுங்குகிறாள் என்று தெரிந்ததும் பிய்த்து வைத்திருந்த துண்டை ஊட்டினேன். அது போதவில்லை. முழு ரொட்டியையும் ஊட்டினேன். அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்போது எனக்குப் பசியே இல்லை.

தெளிந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது காலித் தட்டுதான். உன் பங்கை நான் தின்றுவிட்டேனே என்று அழ ஆரம்பித்தாள். கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று அதட்டினேன். மத்தியானம் என்றாள். நேற்று? நேற்றும் மத்தியானம்தான். நான் பத்தியம் தொடங்கியதிலிருந்து சாயங்காலச் சமையல் மருமகனுக்கு மட்டும்தானாம். கழுவிக் கவிழ்த்திருந்த அந்தத் தட்டில் சாயங்காலம் சோறே விழுந்ததில்லை. லைனில் நான் பொய்யாகச் சொன்ன ஒருசந்தியை வீட்டில் இவள் நிஜமாகவே இருந்திருக்கிறாள். நான் நல்லபடியாக வெளியே வருகிற வரைக்கும் என்று வேண்டுதல்.

"நீ பட்டினி கெடக்க சொல்ல எனக்கு மட்டும் எப்டிடி எறங்கும்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். நாளைக்கு நான் உள்ளே கிடக்கிற நேரத்தில் இவள் ஆஸ்பத்திரி நாற்காலியிலிருந்து சரிந்தால் யார் பார்ப்பார்கள்? இரண்டு வாரமாக என் உயிரைப் பற்றியே பயந்துகொண்டிருந்தவளுக்கு இது தோன்றவே இல்லை. நாளைக்கு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். நீ கண் முழித்ததும் சாப்பிடுகிறேன் என்றாள். எவ்வளவு சொல்லியும் அதையேதான் சொன்னாள். எங்கள் வீட்டில் யாருமே வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்ததை நான் சொல்ல வேண்டியதாயிற்று.

"நான் முழிக்கலன்னாலும் நீ துன்னணும்மா."

என் வாயைப் பொத்த வந்தாள். அந்தக் கையைப் பிடித்து அதன்மேலேயே சத்தியம் கேட்டேன். கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினாள். அதைப் பார்த்ததும் நிஜமாகவே செத்துப் போகப் போகிறேன் என்று எனக்குக் குலை நடுங்கியது.

மறுநாள் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மேலே விளக்குகளைப் பார்த்தபடி, ரொட்டி தின்னவில்லையே, ரொட்டி தின்னவில்லையே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அப்புறம் ஒன்றும் தெரியாது. கண் திறந்தபோது தொண்டை காய்ந்திருந்தது, வயிறு முழுக்க வலி. வலிக்கிறது, அப்படியென்றால் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஈரல் நன்றாகவே சுருங்கியிருந்தது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நர்ஸ் சொன்னார். வெளியே இருட்டிவிட்டதா என்று கேட்டேன். இருட்டுகிற நேரம் என்றார். அம்மாவிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். அவர் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னும் சொல்லலீங்க. உங்கம்மா அழுதுக்கிட்டே இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."