அம்மன் மேல் சாத்தாத பரிவட்டம்

எங்கள் கோயில் தலைவர் பொய் சொன்னார். அம்மன் சன்னதிக்கு முன்னால் நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாய் கூசாமல் சொன்னார்.

ஈப்போவிலிருந்து சித்தியவான் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் பழைய தோட்டம். ரப்பர் பால்மரங்களை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். பிறகு அதையும் வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் நாங்கள் ஈப்போவிலும் பத்து காஜாவிலும் அடுக்குமாடிகளில் ஏறிக்கொண்டோம். மாரியம்மன் மட்டும் அங்கேயே இருக்கிறாள். கம்பெனி அடித்த தகர வேலி கோயில் வேப்பமரம் வரைக்கும் வந்துவிட்டது. கோயில் நிற்கிற இடம் கோயில் பெயரில் இல்லை. நாளைக்கே வந்து இடித்தாலும் எங்களால் ஒன்றும் கேட்க முடியாது.

இந்த வருஷத் திருவிழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினர் வந்தார். மாண்புமிகு என்பதற்கு மலாயில் உள்ள மரியாதைச் சொல்லைச் சுருக்கி, ஒய்.பி. என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். எங்கள் தோட்டத்தில் பரிவட்டம் என்றால் அம்மன் மேல் சாத்தி எடுத்த துணி. மஞ்சளும் எண்ணெயும் ஊறிப்போய் இருக்கும். அதைத் தலையில் கட்டினவன் அம்மனுக்கு வேலைக்காரன். ஒத்துக்கொண்டதைச் செய்யாமல் அவன் வீட்டுக்குப் போக முடியாது.

ஒய்.பி. தலையில் ஏறியது பளபளவென்று சரிகைத் துணி. பூசை செய்யும் பண்டாரத்திடம் கேட்டேன்.

"அண்ணே, இது அம்மன் மேல சாத்துனதா?"

"இல்லலா. ஈப்போ கடையில வாங்குனது. தலைவர்தான் சொன்னாரு. அம்மன் துணியில மஞ்சக் கறை, போட்டோவுல அசிங்கமா விழுமாம்."

"அப்ப அது பரிவட்டம் இல்ல, தலப்பா."

"மெதுவா பேசு தம்பி."

பின்னால் நின்ற அக்கா ஒருத்தர் சிரித்தார். "மாப்பிள்ளை ஜோராத்தான் இருக்காரு. பொண்ணு எங்கலா?"

அப்போதுதான் தலைவர் மைக்கை எடுத்தார். "அந்தக் காலத்துல ராஜாக்களுக்குச் செஞ்ச மரியாதை இது. இன்னைக்கு நமக்கு ராஜா ஒய்.பி.தான். கோயில் நிலம் நமக்கே. ஒய்.பி. முடிச்சுக் குடுத்துட்டாரு." ஜனங்கள் கை தட்டினார்கள். சில பெண்கள் அழுதார்கள். ஒய்.பி. ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். நிலம் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. சாப்பிட்டார், கார் ஏறினார்.

ராஜாக்களைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். தமிழ்நாட்டுக்குப் போனபோது சோழர் காலத்துக் கோயில் ஒன்றைச் சுற்றிப் பார்த்தேன். சுவர் முழுக்க எழுத்து. அங்கிருந்த ஒருவர் வாசித்துக் காட்டினார். ராஜா கொடுத்த நிலம், கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்னாருடைய வயல், இதை அழிக்கிறவனுக்கு இன்ன பாவம். அந்த ராஜாக்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. ஊரிடம் பிடுங்கித்தான் சாமிக்குக் கொடுத்தார்கள். சாமி பேரைச் சொல்லி நாட்டை ஆண்டார்கள். ராஜாவுக்குக் கோயில் வேண்டும், கோயிலுக்கு ராஜா வேண்டும். கல் சுமந்தவன் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. ஆனாலும் மரியாதையை வாங்கினவன் கொடுத்ததைக் கல்லில் வெட்டினான். நாலு எல்லையும் எல்லோருக்கும் தெரியும். நம் ராஜா எதை வெட்டினார்? கேக்கை வெட்டினார். திருவிழாவன்று அவருக்குப் பிறந்தநாளாம்.

போன வாரம் கோயிலுக்குப் போனேன். மடைப்பள்ளிக்குப் பின்னால், கோயில் வளாகத்துக்குள்ளேயே, சிவப்புச் சாயம் அடித்த கம்பெனி அளவுக்குச்சிகள் நட்டிருந்தன. நேராகத் தலைவர் கடைக்குப் போனேன்.

"நிலம் முடிஞ்சுதுன்னு ஒய்.பி. எப்ப அண்ணே சொன்னாரு?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அவரு எங்க சொன்னாரு. நானாத்தான் சொன்னேன். எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டா அவரு செஞ்சுதானே ஆவணும்."

"செஞ்சாரா?"

"போன் எடுக்க மாட்றாருலா. நீ இதை வெளிய பேசாத. ஜனங்க மனசு ஒடஞ்சிடும்."

மனசு உடைவது இருக்கட்டும். கோயிலை உடைக்கப் போகிறார்கள். நிலம் கிடைத்துவிட்டது என்று நம்பி எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் வெளியே எழுதுகிறேன்.

தலைவர் அண்ணே, கோயில் கூட்டத்தைக் கூட்டுங்கள். லயத்து ஜனங்கள் எல்லோரையும் கூப்பிடுங்கள். ஒய்.பி. அவர்களே, நீங்களும் வாருங்கள். வரும்போது பூமாலை கிடையாது. எங்கள் அம்மனுக்கு நிலம் உண்டா, இல்லையா? உண்டென்றால் நாலு எல்லையைச் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை என்று, எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்து, நீங்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள்.