வெள்ளைக்கரடு பஜாருக்குள் வேன் வந்த காலை

புரட்டாசி மாதம், செவ்வாய்க்கிழமை. காலை எட்டேகால் மணிக்கு விருதுநகர் பஸ் நிலையத்தில் சாத்தூர் வண்டியில் ஏறினேன். பதினாறு மைல், எழுபத்தைந்து காசு. "மூடிப்போன குவாரியைப் பார்க்கக் காசு செலவழித்துப் போகிறவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்" என்று சொல்லித்தான் அண்ணன் என்னைக் கும்பகோணத்தில் ரயிலேற்றினார். எங்களுக்குச் சுண்ணாம்பு மண்டி. அப்பா காலத்திலிருந்து வந்த சாக்குகளில் கறுப்பு மையில் 'வெள்ளைக்கரடு' என்று அந்தக் குவாரி ஊரின் பெயர் அடித்திருக்கும். ஆறு வருடங்களுக்கு முன், கல் தீர்ந்துவிட்டது என்று ஒரு கார்டு வந்தது. அத்துடன் சாக்குகளும் நின்றன. அண்ணன் வேறு ஊரில் வாங்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு மட்டும் அந்தப் பெயர் மனசைவிட்டுப் போகவில்லை.

சாத்தூரில் ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கிக்கொண்டு ஏழாயிரம்பண்ணை வண்டிக்கு மாறினேன். ஆறாவது மைலில் கண்டக்டர் விசில் ஊதினார்.

"வெள்ளக்கரடு வெலக்கு எறங்கு! உள்ள ரெண்டு மைலு நடக்கணும் சார். அங்கன என்ன இருக்குன்னு போறீக?"

பெரிய சாலையிலிருந்து ஊருக்குள் பாதை பிரியும் இடத்தை இந்தப் பக்கத்தில் விலக்கு என்கிறார்கள். அந்த விலக்கில் பச்சை வர்ணம் அடித்த பத்துப் புதுக்கடைகள் வரிசையாக நின்றன. ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது. கடைக்காரர் என் ஊரைக் கேட்டார், பெயரைக் கேட்டார், பிறகு கொஞ்சமும் கூச்சப்படாமல் "என்ன ஆளுக?" என்றார். சொன்னேன். உள்ளே பெஞ்சு கிடைத்தது, கண்ணாடி கிளாசில் டீ வந்தது. பத்துக் காசு. வெளியே வேப்பமரக் கிளையில் நாலு அலுமினியக் குவளைகள் தொங்கின. அவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டு நடையைக் கட்டினேன்.

பகல் பன்னிரண்டரை மணிக்கு ஊரை அடைந்தேன். பாழடைந்த இடம் ஒன்றைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம் என்று வந்தவனுக்குப் பெரிய ஏமாற்றம். குவாரி பாழ்தான், நாற்பதடிப் பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. ஆனால் பள்ளத்தை ஒட்டிய பஜார் சாகவில்லை. இரண்டு வரிசையாக இருபத்திரண்டு கடைகள், எல்லாம் அந்த ஊர் வெள்ளைக் கல்லில் கட்டியவை. வாசலுக்கு மேல் வளைவு, மாடிக்கு மரப்படி, நடுவில் குவாரி ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்த, இரும்புக் கம்பி போட்ட பழைய ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இப்போது ஒருவர் மண்ணெண்ணெய் விற்கிறார். இருபத்திரண்டில் ஒன்பது கடைகள் திறந்திருந்தன. கல் இல்லாத ஊரில் ஒன்பது கடைகளுக்கு யார் வருகிறார்கள்?

டீக்கடை செல்லையாவிடம் கேட்டேன். ஐம்பது வயது மனிதர், தோளில் துண்டு. மாடி அறையை ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்க்குக் கொடுத்தவரும் அவர்தான்.

"சாயங்காலம் ஆறரைக்குப் பாருங்க அண்ணாச்சி" என்றார். "அச்சங்குளம் வெடிக் கம்பெனி வேன் வரும். அதுல எறங்குற பொம்பளைகதான் எங்க எல்லாருக்கும் படியளக்குறது."

ஆறரைக்கு வேன் வந்தது. புளிமூட்டை மாதிரி அடைத்து வைத்திருந்த இருபத்தாறு பெண்கள் இறங்கினார்கள். கையும் முகமும் வெடிமருந்தின் சாம்பல் நிறம். நேராக வந்து செல்லையா கடையின் நீளப் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். நான் இருந்த பெஞ்சிலும்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸ். அரிசி, புளி, மண்ணெண்ணெய் என்று ஒவ்வொரு கடையாகக் கூட்டம் சேர்ந்தது.

வேனின் முன்சீட்டிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் இறங்கினார். கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு. பக்கத்து ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம். விலக்கில் இருந்த பத்துக் கடைகளும் அவர்கள் கட்டியவை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் பெஞ்சுப் பக்கம் வராமல், வேன் அருகில் நின்றபடியே சத்தம் போட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. நாளையிலருந்து வேன் உள்ள வராது. வெலக்கோட சரி. காலையில அஞ்சே முக்காலுக்கு அங்கன வந்து நிக்கணும்."

வேன் போய்விட்டது. என் பக்கத்தில் இருந்தவர் குருவம்மாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், முன்பு குவாரியில் கல் உடைத்தவர். மேதாவி மாதிரி அவரிடம் கேட்டேன்: "இரண்டு மைல்தானே அம்மா, நடந்தால் என்ன?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நடக்கதுக்கு நாங்க பயப்படலை ஐயா. வெலக்குல டீ குடிச்சீகளா?"

"குடித்தேன்."

"வேப்பமரத்துல தொங்குதே கொவளை, அது ஆருக்குன்னு கேட்டீகளா?"

நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அதுதான் உண்மை.

"அது எங்களுக்கு. வேன் அங்கன நின்னா டீயும் அங்கனதான், சாமானும் அங்கனதான். இங்க ஒம்போது கடையும் ஒரு மாசத்துல படுத்துரும். முப்பது வருசமா இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கேன். கல்லு ஒடைக்கையில தூசி படிஞ்சு அம்புட்டுப் பேரும் வெள்ளையாத்தான் இருந்தோம், எவன் எந்தத் தெருன்னு ஆரு பாத்தா? பொறந்த ஊருக்குப் போனா இன்னிக்கும் செருப்பைக் கையிலதான் எடுத்துட்டு நடக்கேன். இந்த பஜார்லதான் கால்ல போட்டு நடக்கேன்."

செல்லையா கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னார்: "அங்க எனக்கும் ஒரு கடை தாரோம்னாக அண்ணாச்சி. கிளாசு மட்டும் ரெண்டு தினுசா வைக்கணுமாம். போங்கய்யா நீங்களும் ஒங்க கடையும்னு வந்துட்டேன்."

தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. பத்திரிகையில் படித்துத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

புதன்கிழமை காலை ஐந்தரை மணி. மாடியிலிருந்து இறங்கி வந்தால், இருபத்தாறு பேரும் தூக்குச்சட்டியோடு பஜாரில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்தே முக்கால் ஆயிற்று. ஒருவரும் எழவில்லை. ஆறு மணிவாக்கில் தூரத்தில் ஹாரன் சத்தம் லேசாகக் கேட்டது. விட்டு விட்டு அடித்தது. ஆறரை ஆயிற்று.

"கூலி போயிருமேக்கா" என்றாள் ஓர் இளம்பெண்.

"போகட்டும். நாளைக்கும் போகட்டும்" என்றார் குருவம்மாள். "தீவாளிக்கு இன்னும் இருபத்தெட்டு நாளு கெடக்கு. ஆர்டர் மலை மாதிரி நிக்கு. வெடிச் சரத்தை ஏஜெண்டா பின்னப் போறாரு?"

ஏழு பத்துக்கு வேன் பஜார் முனையில் வந்து நின்றது. ஏஜெண்டு வேகமாக நடந்து வந்தார். டிரைவர் பின்னால் வந்தார்.

"ஏ குருவம்மா, என்ன வெளையாட்டா இது? லோடு நிக்குது!"

"ஒங்க ஆத்தா வயசு எனக்கு" என்றார் குருவம்மாள், உட்கார்ந்தபடியே. "மரியாதையாப் பேசுங்க. பெறவு லோடைப் பத்திப் பேசுவோம்."

"உள்ள வந்தா டயர் தேயுது."

"நேத்து வரைக்கும் எதை மாட்டி ஓட்டுனீக?"

பெண்கள் சிரித்தார்கள். ஏஜெண்டின் முகம் சிவந்தது. "வேற ஊருல ஆளு எடுத்துருவேன்."

"எடுங்க. சீசன் முடியுறதுக்குள்ள சரம் பின்னப் பழக்கிருவீகளா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இதோடு குருவம்மாள் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் பண்ணினார்.

"இங்கன உக்காந்து ஒரு டீ குடிங்க. நாங்க ஏறுதோம்."

ஏஜெண்டு அந்த இடத்தைப் பார்த்தார். டிரைவர்தான் முதலில் அசைந்தார். வந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு போடுங்க" என்றார். அவர் குடித்து முடிக்கும்வரை ஏஜெண்டு வெயிலில் நின்றார். உட்காரவில்லை. கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கடைசியில், "சரி, வேன் உள்ளயே வரட்டும். தீவாளி வரைக்கும்தான்" என்றார்.

"தீவாளி முடிஞ்சா பொங்கல் வரும்" என்று சொல்லிக்கொண்டே குருவம்மாள் எழுந்தார்.

வேன் பஜாரின் நடுவுக்கு வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. ஏறப்போன குருவம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, வெலக்குல குடிச்ச டீ நல்லா இருந்துச்சா?" வேன் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வேண்டியதுதான்.

பத்து மணிக்குக் கிளம்பினேன். இரண்டு மைல் நடந்து விலக்குக்கு வந்தபோது நாக்கு வறண்டிருந்தது. அந்தக் கடைக்காரர் "வாங்க, டீ சாப்பிடுங்க" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. எதிர்ப்பக்கம் வெயிலில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை கும்பகோணம். காவிரியில் தண்ணீர் இருகரையும் தொட்டு ஓடியது. எங்கள் ஊரைப்போல உண்டா என்று எப்போதும் பீற்றிக்கொள்கிறவன், மண்டியின் கொல்லைப்பக்கம் போனேன். சுவரில் ஆணி, ஆணியில் ஒரு நசுங்கிய லோட்டா. மூட்டை தூக்கும் கலியனுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் காபி ஊற்றுவது அதில்தான். பிறந்ததிலிருந்து தினமும் அந்தச் சுவரைக் கடந்திருக்கிறேன்.

லோட்டாவைக் கழற்றி வீசிவிட்டுக் கடை கிளாஸில் காபி கொண்டுவந்தேன். "அவர்களே அதைத்தான் கேட்கிறார்கள், உனக்கு என்ன?" என்று அண்ணன் கத்தினார். கலியன் கிளாஸைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கை நீட்டவில்லை. உள்ளே இருந்த பெஞ்சை வாசலுக்கு இழுத்துப் போட்டு ஒரு முனையில் உட்கார்ந்து, "வாங்க, உட்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை. மறுநாளும் உட்காரவில்லை. குருவம்மாளுக்கு அந்தப் பெஞ்சில் முப்பது வருடப் பழக்கம். இங்கே அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

பெஞ்சு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. போகவர இடைஞ்சலாக இருக்கிறது, உள்ளே எடுத்துப் போடு என்று அண்ணன் தினமும் சொல்கிறார். எடுக்கமாட்டேன்.