துப்பாக்கி சுட்டதும் திரும்பிப் பார்த்தவள்

விளையாட்டு உளவியல் என்று ஒரு துறை. அதில் இருபது வருஷம் குப்பை கொட்டினேன். நாலடி ஓடத் தெரியாதவர்கள் கூடி, ஓடுகிற பிள்ளைகளுக்கு மனசு சரியில்லை என்று கருத்தரங்கில் பேசிவிட்டு, மத்தியானம் பிரியாணி தின்று கலைகிற துறை. நானும் தின்றேன்.

செல்போன் வந்த புதிதில், திருத்தங்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஓட்டக்காரப் பிள்ளைகளை ஆராய்ச்சி செய்தேன். வெளிநாட்டு வினாத்தாள் ஒன்றை அப்படியே தமிழாக்கி வைத்திருந்தேன். 'போட்டிக்கு முன் உன் வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கிறதா?' என்று அதில் ஒரு கேள்வி. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

அங்கே ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஓட ஆரம்பித்துவிட்டால் அவளை எவளாலும் பிடிக்க முடியாது. ஆனால் பந்தயம் தொடங்கத் துப்பாக்கி சுட்டதும் ஒரு கணம் மேற்கே திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். அதற்குள் மற்றவர்கள் முந்திவிடுவார்கள். விளையாட்டு விடுதிக்கு அந்தப் பள்ளியிலிருந்து ஒரே இடம். கிடைத்தால் சாப்பாடும் படிப்பும் அங்கேயே. கிடைக்காவிட்டால் அவளும் கம்பெனிக்குத்தான்.

"நீங்கதான் மனச அளக்குறீகளே சார், யார அனுப்பட்டும்?" என்று உடற்கல்வி ஆசிரியர் என்னிடம் கேட்டார்.

அளந்தேன், மண்ணாங்கட்டி! 'கவனச் சிதறல், போட்டிப் பதற்றம், பரிந்துரைக்க இயலாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஏன் திரும்புகிறாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வினாத்தாளில்தான் அந்தக் கேள்வி இல்லையே!

பட்டியல் போன மறுநாள், கட்டுரையில் அவள் படத்தைப் போட அம்மாவின் கையெழுத்து வாங்க வீட்டுக்குப் போனேன். அம்மா வேலையிலிருந்து வரவில்லை. அவள் தண்ணீர் கொடுத்தாள். சொம்பை வாயருகே கொண்டுபோனபோது தூரத்தில் டொம்மென்று ஒரு சத்தம். தெருவே மேற்கே, பட்டாசுக் கம்பெனிகள் இருந்த பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். கம்பெனி வெடிக்கிற சத்தத்துக்குத் திரும்ப விருதுநகர்க்காரன் கழுத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொம்பைக் கீழே வைப்பதற்குள் அவள் வெறுங்காலோடு தெருமுனையைத் தாண்டியிருந்தாள். அப்படி ஒரு ஓட்டத்தை நான் எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை.

அரை மணி கழித்து மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல சார். சத்தம் வேற கம்பெனியில."

"பந்தயத்துலயும் இதுக்குத்தான் திரும்புறியா?"

"தெரியல சார். கழுத்து தானாத் திரும்பிருது. அங்கன புகை இல்லன்னு பாத்தாத்தான் காலு நகருது." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "விடுதி லிஸ்ட்ல எம்பேரு இருக்கா சார்?"

பட்டியல் இன்னும் சூலக்கரையில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில்தான் கிடந்தது. ஒரு மணி நேர பஸ். போய், நான் எழுதியது தப்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் கட்டுரை போச்சே! "அடுத்த வருஷம் பாப்போம்மா" என்றேன், வெட்கங்கெட்டவன். தலையாட்டினாள், நம்பிவிட்டாள்.

அடுத்த வருஷம் விடுதிக்கு அவள் வயது தாண்டிவிடும். அவள் பிறந்த தேதி என் வினாத்தாளின் முதல் வரியிலேயே இருந்தது.